காரில் ஓய்ந்த பேட்டரிக்கு இரண்டாவது வேலை: ஐரோப்பிய விதி சொல்வது என்ன?

மின்சாரக் கார் பேட்டரியின் கொள்ளளவு எழுபது, எண்பது சதவீதத்துக்கு இறங்கினால், வண்டி ஓடும் தூரம் குறைந்து அதை மாற்றும் பேச்சு வந்துவிடும். ஆனால் புதிதில் 60 யூனிட் பிடித்த பேட்டரி, 75 சதவீதத்துக்கு இறங்கிய பிறகும் 45 யூனிட் பிடிக்கும். மேடேறும் கார் ஒரே மூச்சில் மின்சாரத்தை உறிஞ்சும். பகலில் சூரிய மின்சாரத்தை வாங்கி வைத்து, இரவில் நான்கைந்து மணி நேரம் நிதானமாகக் கொடுக்க அந்த வேகம் வேண்டியதில்லை. வீடுகளிலும் கடைகளிலும் சிறு சிறு சேமிப்பாக வைக்க இது தோதான பேட்டரி.

சரி, அப்புறம் ஏன் நேரே உடைத்துப் பிரிக்கப் போகிறது? உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. பேட்டரிக்குள் பல செல்கள் சேர்ந்த கட்டுகள், அதாவது மாட்யூல்கள், தொடராக இணைந்திருக்கும். ஒன்று நலிந்திருந்தால் அதுதான் முதலில் வடியும். மற்றவற்றில் மின்சாரம் மிச்சம் இருந்தாலும், பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். மொத்தத்தையும் நிறுத்திவிடும். நலிந்தது எது என்று அறிய ஒவ்வொன்றிலும் மின்சாரத்தை ஏற்றி, வடித்துப் பார்க்க வேண்டும். நாள்கணக்கில் இழுக்கும் வேலை இது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1542 எண் பேட்டரி ஒழுங்குமுறை இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்க்கிறது. 14ஆம் பிரிவின்படி, 2024 ஆகஸ்ட் 18 முதல் பேட்டரியின் ஆரோக்கியத் தரவு பி.எம்.எஸ்.ஸில் அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டு இருக்க வேண்டும். கார் பேட்டரிக்கு முக்கியமான எண், புதிதில் சான்றளித்த ஆற்றலில் எவ்வளவு மிச்சம் என்பது. பேட்டரியைச் சட்டப்படி வாங்கியவரும் அவர் சார்பில் வருபவரும் அதைப் படிக்கலாம். தயாரிப்பாளர் பாகுபாடு காட்டக் கூடாது. இதே பிரிவில் எனக்கு மிகவும் பிடித்தது, மென்பொருளை மீட்டமைக்கும் வசதி. சேமிப்பு வேலைக்கு ஏற்ற வேறு மென்பொருளை அதில் ஏற்றலாம். அந்த மென்பொருளால் பாதுகாப்பில் கோளாறு வந்தால் பழைய தயாரிப்பாளர் பொறுப்பல்ல. இந்த உறுதி இல்லாவிட்டால் எந்தத் தயாரிப்பாளர் கதவைத் திறப்பார்?

கழிவாகிவிட்ட பேட்டரி மறுபடி பொருளாவதற்கு 73ஆம் பிரிவு மூன்று சான்று கேட்கிறது. புதிய வேலைக்குத் தாங்கும் என்ற சோதனைப் பதிவு, விற்பனை ரசீது அல்லது ஒப்பந்தம், வண்டியில் ஏற்றி இறக்கும்போது அடிபடாதபடி கட்டி அடுக்கியதற்கான ஆதாரம். மூன்றாவதை லேசாக நினைக்க வேண்டாம். நசுங்கிய லித்தியம் செல் தீப்பிடிக்கும்.

மறுவேலைக்குத் தயாராக்கி விற்பவர்தான் இனி அந்தப் பேட்டரிக்குப் பொறுப்பாளி. கடைசியில் அதைத் திரும்பப் பெறும் கடமையும் அவருக்கே. 2027 பிப்ரவரி 18 முதல் கார் பேட்டரிகளுக்கு டிஜிட்டல் கடவுச்சீட்டு, அதாவது பேட்டரியின் விவரங்கள் அடங்கிய மின்னணுப் பதிவு, கட்டாயம். வேலை மாறிய பேட்டரிக்குப் பழையதோடு இணைந்த புதுக் கடவுச்சீட்டு வரும்.

இந்த விதிப்படி அங்கே கார் வைத்திருப்பவர் கழிவுப் பேட்டரியைக் கட்டணம் இல்லாமல் ஒப்படைக்கலாம். புதிது வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் நிபந்தனை போட முடியாது. கொடுப்பதற்கு முன் அந்த ஆரோக்கிய எண்ணைப் படித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பல கார்களில் உள்ளே 400 வோல்ட் இருக்கும்.