போர்த்துகல் கால்பந்து லீக்: பட்டம் யாருக்கு என்று கணக்கிடுவது எப்படி?

2015-16 சீசனில் ஸ்போர்ட்டிங் அணி போர்ட்டோவை இரண்டு முறையும் வென்றது. பென்ஃபிகாவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-0 என்று சாய்த்தது. இந்த மூன்று பெரிய அணிகளும் தங்களுக்குள் மோதும்போது ஓர் அணிக்கு வரும் நான்கு ஆட்டங்களில் ஸ்போர்ட்டிங் எடுத்தது 12-க்கு 9 புள்ளி. பென்ஃபிகா எடுத்தது வெறும் 3. ஆனாலும் 88-86 என்று கோப்பை பென்ஃபிகாவுக்குப் போனது. மற்ற 15 அணிகளுடன் ஆடிய 30 ஆட்டங்களில் 28-ஐ வென்று அது 85 புள்ளி சேர்த்திருந்தது. ஸ்போர்ட்டிங் அங்கே 77-ல் நின்றுவிட்டது.

ஆகவே புள்ளிப்பட்டியலை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். பெரிய மோதல்களில் மொத்தமே 12 புள்ளி. மீதி 90-ம் சின்ன அணிகளிடம் இருக்கிறது. 2019-20 முதல் 2024-25 வரை சாம்பியன்கள் எடுத்தவை 82, 85, 91, 87, 90, 82. இலக்கை 85 என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது ஆட்டத்துக்கு 2.5.

அடுத்து கோல் வாய்ப்புகளின் தரம். அடித்த இடம், கோணம், காலா தலையா என்பதை வைத்து ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்புக்கு 0 முதல் 1 வரை மதிப்பு தருவதுதான் எக்ஸ்ஜி (xG, எதிர்பார்க்கும் கோல்). பத்துப் பேரும் பெட்டிக்குள் இறங்கித் தடுக்கும் அணிக்கு எதிராக, தூரத்திலிருந்து 0.03 மதிப்பில் 20 ஷாட் அடித்தாலும் கூட்டினால் 0.6 தான். ஷாட் எண்ணிக்கையைப் பார்த்து ‘ஆதிக்கம்’ என்று எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு பெனால்ட்டியே முக்கால் கோலுக்குச் சமம் என்பதால் அதைக் கழித்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி சராசரியாகப் போடும், வாங்கும் எக்ஸ்ஜியை பாய்சான் பரவலில் (சராசரியை வைத்து 0, 1, 2 என எத்தனை கோல் விழும் வாய்ப்பு என்று சொல்லும் கணக்கு) போட்டால் வெற்றி வாய்ப்பு கிடைக்கும். ஓர் அணி ஆட்டத்துக்கு 2.2 கோல் போட்டு 0.7 வாங்கும் என்றால் வெற்றி 72%, சமன் 18%, தோல்வி 10%. வெற்றிக்கு 3, சமனுக்கு 1 என்று கணக்கிட்டால் எதிர்பார்க்கும் புள்ளி 2.33, 34 ஆட்டத்துக்கு 79. அதையே 2.5, 0.6 என்று மாற்றிப் பாருங்கள்: 85 வந்துவிடும். பட்டத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே இவ்வளவுதான் இடைவெளி. 0-0, 1-1 முடிவுகளை பாய்சான் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடும். தற்காப்பு அணிகள் நிறைந்த லீக்கில் அதைத் திருத்தாவிட்டால் பெரிய அணிகளுக்குப் புள்ளி கூடிப்போகும்.

பிறகு மீதமுள்ள ஆட்டங்களைக் கணினியில் 10,000 முறை ஓட்டி, எத்தனை முறை யார் முதலிடம் என்று எண்ண வேண்டும். புள்ளி சமமானால் இங்கே முதலில் பார்ப்பது அந்த இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களின் முடிவு. மொத்த கோல் வித்தியாசம் அதற்குப் பின்தான். 2024-25 கடைசி நாள் ஆட்டங்களுக்கு முன் ஸ்போர்ட்டிங்கும் பென்ஃபிகாவும் 79-ல் சமமாக நின்றன. 1-0, 1-1 என்ற பழைய முடிவுகளால் சாதகம் ஸ்போர்ட்டிங்குக்கு. கோல் வித்தியாசத்தை முதலில் பார்க்கும்படி நிரல் எழுதினால் இப்படிப்பட்ட வாரங்களில் சதவீதம் தடம் மாறும்.

எந்தக் கணக்கு மாதிரியாலும் முன்கூட்டிப் பிடிக்க முடியாதது பயிற்சியாளர் மாற்றம். அதே சீசனில் முதல் 11 ஆட்டங்களையும் வென்றிருந்த ஸ்போர்ட்டிங்கிலிருந்து நவம்பரில் ரூபன் அமோரிம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். அடுத்த இரண்டு லீக் ஆட்டங்களிலும் சாந்தா கிளாராவிடமும் மொரெய்ரென்சேவிடமும் தோல்வி. சீசன் முழுக்க லீக்கில் அந்த அணி தோற்றதே அந்த இரண்டில்தான்.