கேஸ் இணைப்போடு வரும் காப்பீடு, மாடிப்படிக்கு ஒரு புகை அலாரம்

சிலிண்டரை வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்புகிறவரிடம், "ஒரு நிமிஷம் தம்பி, எடை போட்டு, லீக் பார்த்துக் கொடுத்துட்டுப் போங்க" என்று சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். சீலைப் பிரித்து, வால்வில் கசிவு இருக்கிறதா, வாஷர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது அவர் வேலையில் சேர்ந்ததுதான். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

இதைவிடப் பெரிய உரிமை ஒன்று நம் கையில் இருக்கிறது. இண்டேன், பாரத் கேஸ், எச்.பி. இவற்றில் எந்த இணைப்பு வைத்திருந்தாலும் அதற்குக் காப்பீடு உண்டு. பிரீமியத்தை எண்ணெய் நிறுவனங்களே கட்டுகின்றன. கேஸால் தீப்பிடித்த விபத்தில் உயிர் போனால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தமாக 30 லட்சம் வரை. வீட்டுக்கும் பொருளுக்கும் ஏற்பட்ட சேதத்துக்கு 2 லட்சம் வரை.

சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. சொத்துச் சேதத்துக்கான தொகை, இணைப்பு எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறதோ அந்த வீட்டுக்கு மட்டும்தான். வாடகை வீடு மாறும்போது பீரோ, கட்டில், துளசிச் செடி எல்லாம் வண்டியில் ஏறும். கேஸ் புத்தகத்தில் முகவரி மட்டும் அப்படியே நிற்கும். வியாசர்பாடியில் எடுத்த இணைப்பு மடிப்பாக்கத்தில் எரிந்துகொண்டிருக்கும். இறந்துபோன அப்பா பெயரிலேயே வருடக்கணக்காக சிலிண்டர் வாங்கும் வீடுகளும் உண்டு. இரண்டையும் இந்த வாரமே ஏஜென்சியில் மாற்றிவிடுங்கள்.

விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏஜென்சி எண்ணெய் நிறுவனத்துக்கும், நிறுவனம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லும். நடுவில் யாருக்கும் கமிஷன் கொடுக்கத் தேவையில்லை. மருத்துவமனை பில்களைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுப்பு, ரெகுலேட்டர், ட்யூப் எல்லாம் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளவையாக இருக்கட்டும். ட்யூபின் மேலேயே வருடம் அச்சாகியிருக்கும். ஒரு தடவை டார்ச் அடித்துப் படித்துப் பாருங்கள்.

கேஸ் வாடை வந்தால் 1906-க்கு எந்நேரமும் அழைக்கலாம். அதற்கு முன் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து பேசுங்கள். வாடை போகட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவே கூடாது. அந்த ஸ்விட்சின் பொறி போதும்.

சரி, புகை அலாரம்? அது கேஸ் கசிவைக் கண்டுபிடிக்காது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அதற்கான அலாரம் தனி, அதைத் தரைக்கு அருகில் மாட்ட வேண்டும். புகை மேலே போகும், எனவே புகை அலாரம் கூரையில். தூக்கத்தில் புகை வாடை நம்மை எழுப்பும் என்று நம்ப முடியாது, சத்தம்தான் எழுப்பும். படுக்கையறைக்கு வெளியே, மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடமாகப் பாருங்கள். சமையலறைக்கும் சாம்பிராணி போடும் இடத்துக்கும் தள்ளியே இருக்கட்டும். இல்லையென்றால் தாளிக்கும்போதெல்லாம் கத்தும், ஒரே வாரத்தில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். மாதம் ஒரு முறை பட்டனை அழுத்திப் பாருங்கள். 10 வருடம் ஆனால் அலாரத்தையே மாற்ற வேண்டும்.

சென்னையில் 18.30 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களுக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். நம்மில் பலர் இருக்கும் பழைய மூன்று மாடி ஃபிளாட்டுகளுக்கு வந்து அலாரம் மாட்டச் சொல்ல ஆள் இல்லை. அங்கேதான் எனக்குப் பயம் அதிகம். எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே இ.பி. மீட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை ஒட்டி ஏழு பைக்குகள், ஒரு மின் ஸ்கூட்டர் இரவெல்லாம் சார்ஜில், பக்கத்தில் பழைய பேப்பர் மூட்டை. அங்கே தீப்பிடித்தால் புகை ஏறுவது ஒரே ஒரு படிக்கட்டில், நாங்கள் இறங்க வேண்டியதும் அதில்தான். கீழே கிரில் கேட்டுக்குப் பூட்டு வேறு. போன மாதம் சங்கக் கூட்டத்தில் பேசி மூட்டையை அகற்றினோம், வண்டிகளைச் சுற்றுச்சுவர் ஓரம் நகர்த்தினோம், படிக்கட்டுக் கூரையில் ஒரு அலாரம் மாட்டினோம். கேட் சாவி இப்போது ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

அடுத்து, பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுங்கள். செயல்விளக்கம் வேண்டும் என்று கேட்டால் போதும். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. அந்த வாரமும் தீபாவளிக்கு முந்தைய நாட்களும் கேட்பதற்கு நல்ல சமயம். அவர்கள் வரும் அன்று வீட்டு வேலை செய்யும் அக்காவையும் வாட்ச்மேன் அண்ணனையும் கூப்பிடுங்கள். பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அவர்கள்தான். தீயணைப்பானின் பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதியைப் பார்த்து அடிக்க அவர்களும் ஒரு முறை கையால் செய்து பார்க்கட்டும். 101 என்ற எண்ணையும், தெரு முனையில் வண்டி திரும்ப எந்தக் கடையை அடையாளம் சொல்ல வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.