கோல்ஃப் மட்டைக்குக் காப்புரிமை வழக்கா? சம்மன் வந்த தேதியைக் குறித்து வையுங்கள்

மட்டைத் தலையின் உட்புறத்தைக் கூடாக்கி அதில் பாலிமர் நிரப்பும் நுட்பத்துக்காக, 2017இல் கோல்ஃப் மட்டை செய்யும் பிஎக்ஸ்ஜி நிறுவனம், போட்டி நிறுவனமான டெய்லர்மேட் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 2024இல் அதே டெய்லர்மேட், அதே ரக மட்டைக்காகச் சில்லறைக் கடைகள் நடத்தும் காஸ்ட்கோ மீது வழக்குப் போட்டது. அவர்களுக்கு வக்கீல் பஞ்சமில்லை. இது அங்கே நாலைந்து ஆட்களை வைத்து மட்டை செய்து விற்கும் பட்டறைக்காரர்களுக்கு. நோட்டீஸைக் கண்டதும் சரக்கை முடக்கிவிட்டு, கேட்ட தொகையைக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காப்புரிமை செல்லுமா என்று யாருமே கேட்கவில்லை.

கேட்பதற்கு, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திலேயே 2012 முதல் 'இன்டர் பார்ட்டீஸ் ரிவ்யூ' (இரு தரப்பும் வாதாடும் மறுஆய்வு) என்ற வழி உண்டு. உரிமையாளர் தவிர யாரும் மனுப் போடலாம் என்கிறது சட்டம். வழக்கின் நகல் முறைப்படி உங்களிடம் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. வெறும் எச்சரிக்கைக் கடிதம் கணக்கில் வராது. எதிர்த்தரப்பு "பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று இழுத்தடித்தால் உஷாராகுங்கள்; பேச்சு நடந்த மாதங்களை யாரும் கழித்துத் தரமாட்டார்கள். முந்திக்கொண்டு நீங்களே 'இது செல்லாது' என்று நீதிமன்றம் போனாலும் இந்த வழி அடைபட்டுவிடும்.

பலரும் சறுக்குவது சான்றில். பழைய டைட்டானியம் மட்டையை மேசையில் வைத்து "இது அப்போதே கடையில் விற்றதே" என்றால் எடுபடாது. பழைய காப்புரிமைகளும் அச்சில் வெளியானவையும்தான் மனுவுக்கு ஆதாரம். அந்த மட்டையின் கேட்டலாக் இருந்தால் பிழைத்தீர்கள், அது எப்போது வெளியானது என்று காட்ட முடிந்தால். வியாபாரிகளுக்கான கண்காட்சியில் கொடுத்தது என்பதற்காகவே கேட்டலாக்கைத் தள்ள முடியாது என்று 2018இல் கேமரா நிறுவனமான கோப்ரோவின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் காப்புரிமை உலோகக் கலவையின் விகிதத்தையும் முகப்புத் தகட்டின் தடிமனையும் குறிப்பிட்டிருக்க, உங்கள் கேட்டலாக்கில் 'டைட்டானியம்' என்று மட்டும் இருந்தால் அது தனியாக நிற்காது. எப்படியும் பழைய கேட்டலாக்குகளைப் பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

கட்டணம் பல்லாயிரம் டாலர். சிறு நிறுவனச் சலுகை கிடையாது. கட்டினாலும் விசாரணைக்கு எடுப்பது அலுவலகத்தின் இஷ்டம். மறுத்தால் மேல்முறையீடும் இல்லை. காப்புரிமை ஆறு ஆண்டுக்கு மேல் பழையதாகிவிட்டது என்பதைக் காரணம் காட்டி 2025இல் மனுக்களைத் தள்ளியிருக்கிறார்கள். உங்கள் மீது வழக்கே போன மாதம்தான் வந்தது என்பது அவர்கள் கவலையில்லை. விசாரித்துத் தோற்றாலோ, அங்கே சொல்லியிருக்கக்கூடிய வாதங்களைக்கூட நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது.

கெடு தவறியவர்களுக்கு அதே அலுவலகத்தில் 'எக்ஸ் பார்ட்டே' (மனுதாரர் ஒதுங்கி நிற்கும்) மறுபரிசீலனை இருக்கிறது. காலக்கெடு இல்லை, கட்டணத்தில் சலுகை உண்டு, பெயர் சொல்லாமல் வக்கீல் மூலமும் போடலாம். போட்ட பிறகு பேச அநேகமாக இடம் தரமாட்டார்கள். கையில் உள்ள காகிதம் அத்தனையையும் முதல் மனுவிலேயே வைத்துவிடுங்கள்.