திரும்பி வந்த நினைவு கோர்ட்டுக்குப் போனால்...

அளவுமீறிச் சாப்பிட்டு வாந்தியெடுக்கும் புலிமியா என்ற உணவுக் கோளாறு. அதற்காகச் சிகிச்சைக்கு வந்த இளம்பெண்ணுக்கு, சிறுவயதில் அப்பா தன்னைப் பாலியல் கொடுமை செய்ததாக நினைவுகள் வரத் தொடங்கின. சோடியம் அமைட்டல் ஊசி போட்டும் அவரிடம் கேள்வி கேட்டார்கள். குற்றச்சாட்டால் குடும்பம் உடைந்தது. அப்பா சிகிச்சையாளர்கள்மீது வழக்குப் போட்டார். சிகிச்சையில் காட்டிய அலட்சியத்தால் பொய் நினைவுகள் வலுப்பெற்றன என்று 1994-இல் கலிஃபோர்னியாவின் நாபா ஜூரி முடிவு செய்து, அப்பாவுக்கு 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. மகளோ சிகிச்சையாளர்கள் பக்கம் நின்று சாட்சி சொன்னார்.

இதுதான் ரமோனா வழக்கு. நோயாளி அல்லாத ஒருவர் வென்றதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மனநலச் சிகிச்சை தரும் நம் துறையினர் கவனிக்க வேண்டியது மகள் அப்பாமீது தொடுத்த தனி வழக்கு. அமைட்டலுக்குப் பிறகு அவர் சொல்லும் சாட்சியம் செல்லாது என்று 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பவம் நடந்ததா இல்லையா என்ற கேள்விக்குள் போகவே வழியில்லை. நினைவைத் தோண்டி எடுக்கும் முறை பழி சுமத்தப்பட்டவரை மட்டுமல்ல, உண்மையிலேயே பாதிக்கப்பட்டவரையும் கைவிட்டுவிடும்.

அமைட்டல் பார்பிசுரேட் என்ற மயக்க மருந்து வகையைச் சேர்ந்தது. தயக்கத்தைக் குறைத்துப் பேசவைக்கும். கேட்பவர் கோடிகாட்டுவதை ஏற்கும் போக்கையும் கூட்டும். உண்மையைப் பிரித்துத் தராது. மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் விசாரிக்கும் நம் ஊர் நார்கோ சோதனையில் போடும் பென்டோதாலும் இதே குடும்பம்தான். 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதித்தே செய்துகொண்டாலும் அந்தச் சோதனை முடிவு நேரடிச் சான்றாகாது என்றது.

மருந்தே இல்லாமலும் நினைவு உருவாகும். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் குழுவின் 1995 ஆய்வில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தை, குடும்பத்தார் சொன்ன நிஜச் சம்பவங்களோடு கலந்து 24 பேரிடம் கொடுத்தார்கள். 6 பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ ‘நினைவுகூர்ந்தார்கள்’. இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

இதைக் காட்டி, தாமதமாகச் சொல்பவர் எல்லோரையும் சந்தேகிப்பது பெரிய அநியாயம். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் அதை மறப்பதே இல்லை. பயந்தோ வெட்கப்பட்டோ வாய்திறக்காமல் இருக்கிறார்கள். சொல்லாமல் இருந்தது வேறு, நினைவே இல்லாமல் இருந்து பின்னால் வந்தது வேறு. எது என்பதை அவர் முதலில் சொல்லும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

நீதிமன்றங்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில நீதிமன்றம் 1997-இல் ஹங்கர்ஃபோர்ட் வழக்கில், பின்னால் திரும்பி வந்த நினைவைக் கொண்டு சொன்ன சாட்சியத்தை ஒதுக்கியது. மாசசூசெட்ஸ் மாநில நீதிமன்றம் 2010-இல் ஷான்லி வழக்கில் ஏற்றது. நினைவு எந்தச் சூழலில் வந்தது, சிகிச்சையில் தூண்டுதல் இருந்ததா, வெளிச்சான்று உண்டா என்றுதான் குறுக்கு விசாரணை போகும். அப்போது உங்கள் கேஸ் குறிப்புகள்தான் மேசைக்கு வரும்.

“அவர் கொடுமையை வெளிப்படுத்தினார்” என்ற ஒற்றை வரி உதவாது. நீங்கள் கேட்ட கேள்வியையும் அவர் சொன்ன பதிலையும் அவர் வார்த்தையிலேயே, தேதியோடு, அன்றைக்கே எழுதுங்கள். “வீட்டில் யாராவது தொட்டார்களா?” என்று கேட்டு வந்த பதிலும், “அப்போது வேறு என்ன ஞாபகம் வருகிறது?” என்று கேட்டு வந்த பதிலும் ஒன்றல்ல. அதற்கு முன் அவர் என்ன படித்தார், யாரிடம் பேசினார் என்பதையும் குறியுங்கள். இந்த அறிகுறி இருந்தால் கொடுமை நடந்திருக்கும் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். புலிமியாவோ தூக்கமின்மையோ எதற்கும் சான்றல்ல.

நினைவைத் தேடுவதற்காக ஹிப்னாடிசம், வயது பின்னோக்கல் (மனதளவில் சிறுவயதுக்குத் திரும்பவைப்பது), கற்பனைக் காட்சிப் பயிற்சி எதுவும் வேண்டாம். வலிக்காகவோ பதற்றத்துக்காகவோ ஹிப்னாடிசம் செய்வதானால், அதற்கு முன்பே அவருக்கு என்னென்ன நினைவிருக்கிறது என்று முழுதாகப் பதிவு செய்யுங்கள். நியூஜெர்ஸி உச்ச நீதிமன்றம் 1981-இல் ஹர்ட் வழக்கில் விதித்த நிபந்தனைகளில் இதுவும் ஒன்று.

வழக்குப் போடலாமா என்று அவர் கேட்டால் வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். நீதிமன்றத்துக்கான மதிப்பீட்டை இன்னொரு நிபுணர் செய்யட்டும். சிகிச்சை தருபவரே அதையும் செய்யக்கூடாது.