சர்க்கரை இருந்தால்தான் உப்பு உள்ளே போகும்

பேதியின்போது தண்ணீரில் கரைத்துக் குடிக்க மருந்துக் கடையில் விற்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 13.5 கிராம். முதலில் இருப்பது நம் வீட்டுச் சமையல் உப்பு. கடைசியில் இருப்பது குளுக்கோஸ், பெயர் மட்டும் வேறு. கிருமியைக் கொல்லும் மருந்து இதில் எதுவும் இல்லை. பேதியை நிறுத்தும் மருந்தும் இல்லை. ஆனாலும் வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் சாகவிருந்த கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றியது இந்தப் பொடிதான். இதில் என்னதான் இருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள, நம் குடலுக்குள் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் வந்து போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நாம் குடிப்பதும் சாப்பாட்டோடு சேர்ந்து போவதுமாக ஏறக்குறைய 2 லிட்டர். அதைவிடப் பெரிய பங்கு நம் உடம்பே ஊற்றுவது. எச்சில், இரைப்பை அமிலம், பித்தநீர், கணையநீர், குடலே சுரக்கும் நீர் என்று எல்லாம் சேர்த்தால் இன்னொரு 6, 7 லிட்டர் தேறும். ஆக, தினமும் 8, 9 லிட்டர் திரவம் குடலுக்குள் இறங்குகிறது. மலத்தோடு வெளியே போவதோ அதில் 100 முதல் 200 மில்லி மட்டும். மீதி அத்தனையையும் குடல் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பிவிடுகிறது. பெரும்பகுதி வேலையைச் சிறுகுடல் முடித்துவிடும், மிச்சத்தைப் பெருங்குடல் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீரை உறிஞ்சுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீரை நேரடியாகப் பிடித்து இழுக்கும் கருவி எதுவும் உடம்பில் கிடையாது. உப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். பாடப் புத்தகத்தில் சவ்வூடு பரவல் என்று படித்திருப்பீர்களே, அதேதான். அதனால் குடலிலிருந்து ரத்தத்துக்குத் தண்ணீர் போக வேண்டுமென்றால், முதலில் சோடியம் போயாக வேண்டும்.

சோடியம் உள்ளே போக பல வழிகள் உண்டு. நமக்கு முக்கியமானது சிறுகுடல் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். அதன் பெயர் எஸ்ஜிஎல்டி1. ஆள் சேர்ந்தால்தான் கிளம்புவேன் என்று நிற்கும் ஷேர் ஆட்டோ மாதிரி இது. ஏற வேண்டியவர்கள் மூன்று பேர்: இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ். குளுக்கோஸ் வராவிட்டால் சோடியம் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வண்டி நகராது. சோடியம் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் வந்தாலும் அதே கதைதான். மூன்றும் ஏறியதும் செல்லுக்குள் இறக்கிவிடும். அங்கிருந்து செல்லின் மறுபக்கத்தில் இருக்கும் இன்னொரு புரதம், இது ஆற்றலைச் செலவழித்து வேலை செய்யும் பம்ப், சோடியத்தை ரத்தத்தின் பக்கம் தள்ளுகிறது. பின்னாலேயே தண்ணீர் போகிறது.

அப்படியென்றால் ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸ் எதற்கு? தெம்புக்கு என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். ஒரு லிட்டரில் இருக்கும் 13.5 கிராம் குளுக்கோஸால் பெரிய தெம்பு ஒன்றும் வந்துவிடாது. அது இருப்பது சோடியத்தை உள்ளே கூட்டிக்கொண்டு போக.

சரி, பேதியின்போது என்ன ஆகிறது? காலராவை எடுத்துக்கொள்வோம், நன்றாக ஆராயப்பட்ட நோய் அதுதான். காலரா கிருமி குடல் சுவரை அரித்துப் புண்ணாக்கிவிடுகிறது, அதனால்தான் தண்ணீர் ஒழுகுகிறது என்று பல காலம் மருத்துவர்கள் நம்பினார்கள். கொல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே 1959-இல் வேறொன்றைக் காட்டினார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டி, காலரா கிருமி வளர்ந்த திரவத்தைக் கிருமி இல்லாமல் வடிகட்டி அதற்குள் செலுத்தினார். கிருமியே இல்லாத அந்தத் துண்டுக்குள் தண்ணீர் ஊறி நிரம்பியது. வேலையைச் செய்வது கிருமி வெளியிடும் நச்சு என்பது அப்போது தெரிந்தது.

அந்த நச்சு குடல் செல்லுக்குள் புகுந்து, குளோரைடு வெளியேறும் பாதையைத் திறந்த நிலையிலேயே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. அதன் பின்னால் சோடியம் வருகிறது. இரண்டின் பின்னாலும் தண்ணீர் வருகிறது. அதோடு, சாதாரணமாக உப்பை உறிஞ்சும் வழிகளில் ஒன்றும் அடைபடுகிறது. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வெளியேறும். காலையில் நடமாடியவர் மாலைக்குள் நாடி தளர்ந்து கிடப்பது இதனால்தான். இந்த நிலையில் வெறும் தண்ணீரைக் குடித்தால், இழுத்துப் போக சோடியம் இல்லாமல் அதில் பெரும்பகுதி வெளியேதான் வரும்.

ஆனால் எஸ்ஜிஎல்டி1 புரதத்தை காலரா நச்சு தொடுவதில்லை. அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்துக் கொடுத்தால், பேதி போய்க்கொண்டிருக்கும்போதே தண்ணீரை உள்ளே ஏற்றலாம். ஓஆர்எஸ்ஸின் முழு ரகசியமும் இந்த ஒரு வழி திறந்திருப்பதுதான். ரோட்டாவைரஸ் போன்ற கிருமிகள் குடல் செல்களில் சிலவற்றை அழித்துவிடும். அப்போதும் மிஞ்சிய செல்கள் இந்த வேலையைச் செய்யும்.

சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே போகும் இந்த இணைப்பை முதலில் விளக்கியவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன். 1960-இல் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் அவர் அதை முன்வைத்தார். பேதி அவர் ஆராய்ந்த விஷயமே இல்லை, குடல் சர்க்கரையை எப்படி உறிஞ்சுகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். சுவாரசியம் என்னவென்றால், அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1953-இல், ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற கொல்கத்தா மருத்துவர் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்தி, அதை லான்செட் என்ற மருத்துவ இதழிலும் எழுதியிருந்தார். பேதிக்குக் கற்பூரவள்ளிச் சாறும் கொடுத்தார். உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள் முறையான சோதனை நடத்தி, இப்படிக் குடிக்கக் கொடுத்தால் நரம்பில் ஏற்றும் திரவத்தின் தேவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று காட்டினார்கள். அப்போதும் மருத்துவ உலகம் தயங்கியது. ஊசியும் பாட்டிலும் இல்லாத வைத்தியத்தை நம்புவது அன்றைக்கும் கஷ்டம்தான்.

1971-இல் அந்தத் தயக்கத்துக்கு நேரம் இல்லாமல் போனது. வங்கதேச விடுதலைப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பன்காவ் என்ற எல்லை ஊரில் காலரா பரவியது. அங்கே அனுப்பப்பட்ட குழந்தை மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் பார்த்தது, கட்டில் போதாமல் தரையெல்லாம் கிடக்கும் நோயாளிகளை. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது, ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை. அவர் கொல்கத்தாவில் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் கணக்காக எடை போட வைத்தார். பொடியைப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி முகாமுக்குக் கொண்டுவரச் செய்தார். குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் அம்மாவிடமும் அண்ணனிடமும் குவளையைக் கொடுத்து, குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். முகாமில் அதற்கு முன் நோய் கண்டவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் கவனித்த 3,000-க்கும் மேற்பட்டவர்களில் இறப்பு 3.6 சதவீதம். 2022-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். கொஞ்சம் முன்னாடியே கொடுத்திருக்கலாம்.

இனி அளவு. இங்கேதான் வீட்டில் பெரும்பாலான தப்பு நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் மாற்றி அமைத்த கலவையில் சோடியமும் குளுக்கோஸும் துகள்களின் எண்ணிக்கையில் சரிசமம், இரண்டும் லிட்டருக்கு 75 மில்லிமோல் (துகள்களை எண்ணும் அலகு). பழைய கலவையில் உப்பும் சர்க்கரையும் இதைவிட அதிகம். குறைத்த பிறகு பேதியும் வாந்தியும் குறைந்தது ஆய்வுகளில் தெரிந்தது. காரணம் மறுபடியும் சவ்வூடு பரவல். குடலுக்குள் இருக்கும் திரவம் ரத்தத்தைவிட அடர்த்தியாக இருந்தால், தண்ணீர் ரத்தத்திலிருந்து குடலுக்குள் வரும். நீங்கள் கொடுத்த மருந்தே பேதியைக் கூட்டும்.

அதனால்தான் கோலா பானமும் டப்பாவில் அடைத்த ஜூஸும் பேதிக்கு ஆகாது. கோலாவில் லிட்டருக்கு 100 கிராம் அளவுக்குச் சர்க்கரை, உப்போ பெயருக்குத்தான். ஓஆர்எஸ் என்று பெரிதாகப் பெயர் போட்டு, உள்ளே பழச்சுவையும் சர்க்கரையும் நிறைத்த பானங்கள் இந்தியக் கடைகளில் பல ஆண்டுகள் விற்றன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளைப் போடக்கூடாது என்று உத்தரவிட்டது.

பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. அதைப் பிரித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்குவது பல வீடுகளில் வழக்கம். அது வேண்டாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்தில் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது. எது என்று பார்த்துக் கரையுங்கள். சுவைக்காக மேலே சர்க்கரை சேர்ப்பதும் கூடாது.

பொட்டலம் கிடைக்காத நேரத்துக்கு வீட்டுக் கணக்கு: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. பொட்டலத்தில் 13.5 கிராம்தானே, இங்கே ஏன் 6 டீஸ்பூன், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறதே என்று கேட்டால், நல்ல கேள்வி. நம் சீனி ஒரு மூலக்கூறு உடைந்தால் ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கிடைக்கும். சோடியத்தோடு வண்டி ஏறுவது குளுக்கோஸ் மட்டும். பாதிதான் பயன்படும் என்பதால் இரண்டு மடங்கு. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து ஆண்டுகள் வீடு வீடாகப் போய் இதைக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் எடுக்கும் உப்பு, ஒரு பிடி வெல்லம் என்று அவர்கள் கைக்கணக்காகவே சொல்லிக்கொடுத்தார்கள். தாய்மார்களுக்கு அது எவ்வளவு நினைவில் நிற்கிறது என்று பார்த்து, அதற்கேற்பப் பணியாளருக்குச் சம்பளம். சும்மா சொல்லிவிட்டு வந்தால் காசு இல்லை.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் இதே வேலையைச் செய்யும். மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து குளுக்கோஸ் ஆவதால், ஒரேயடியாக அடர்த்தி கூடுவதில்லை. நீர்மோரில் உப்புப் போட்டுக் கொடுக்கலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. குடிக்கட்டும், ஆனால் ஓஆர்எஸ்ஸுக்குப் பதிலாக அதையே நம்ப வேண்டாம். பொட்டலத்தில் பொட்டாசியம் சேர்த்திருப்பதும், பேதியோடு அது வெளியேறித் தசைகள் தளர்ந்துபோகும் என்பதால்தான். சிட்ரேட், ரத்தத்தில் கூடிய அமிலத்தன்மையைச் சரிக்கட்ட.

ஓஆர்எஸ் கொடுத்தும் பேதி நிற்கவில்லையே என்று ஒரே நாளில் கைவிட்டுவிடுகிறார்கள். அது பேதியை நிறுத்த வந்ததில்லை. கிருமியை உடம்பே சில நாளில் துரத்திவிடும், அதுவரை தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. இரண்டு வயதுக்குள் இருந்தால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, இரண்டிலிருந்து பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பத்து வயதுக்கு மேல் வேண்டிய மட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடரலாம். சாப்பாட்டை நிறுத்தக்கூடாது, கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலையும் நிறுத்தக்கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரையும் தருவார்கள். பேதி நின்ற பிறகும் அதை 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ பேதி என்றால் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. வயிற்றுத் தோலை இரு விரலால் மெதுவாகக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. மடிப்பு மெல்லத் திரும்பினால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது, இரண்டு விநாடிக்கு மேல் அப்படியே நின்றால் மிகவும் குறைந்துவிட்டது. மடிப்பு அப்படி நின்றாலோ, கண் உள்ளே போயிருந்தாலோ, பல மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ, எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலோ, குடிக்கவே முடியவில்லை என்றாலோ, பெரியவர்களிடம் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அங்கே நரம்பில் சலைன் ஏற்றுவார்கள். நினைவோடு இருந்து விழுங்கவும் முடிந்தால், போகும் வழியிலும் கரைசலை ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போகலாம்.