தண்டவாளத்தில் தவளைக்கு என்ன வேலை?

மாதிரி ரயில் பாதைக்கென்று, ஒரு தடத்தை இரண்டாகப் பிரிக்கும் பாயிண்ட் ஒன்று வாங்கினால், பெட்டியின் மேல் ‘எலெக்ட்ரோஃபிராக்’ என்றோ ‘இன்சுல்ஃபிராக்’ என்றோ அச்சிட்டிருக்கும். பீக்கோ நிறுவனத்தின் புதிய பாயிண்டுகளில் ‘யூனிஃபிராக்’ என்று இருக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மின்தவளை, காப்புத்தவளை, ஒருதவளை! தமிழில் இதைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் பேனாவை மூடிவிடுகிறார்கள்; மீதிப்பேர் ‘ஃபிராக்’ என்றே எழுதிவிட்டுப் போகிறார்கள்.

பொருளை முதலில் பார்த்துவிடலாம். ஒரு தடம் இரண்டாகப் பிரியும்போது நேர்த்தடத்தின் ஒரு தண்டவாளமும், விலகும் தடத்தின் ஒரு தண்டவாளமும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டியாக வேண்டும். வெட்டும் இடத்தில் இரண்டும் சேர்ந்து, ஆங்கில ‘வி’ எழுத்தைப் படுக்கவைத்ததுபோல் ஒரு கூர்முனையாகும். அந்த முனையின் இரு பக்கமும், சக்கரத்தின் உள்விளிம்பு நுழைந்துபோகும் அளவுக்கு இடுக்கு விட்டு, இறக்கைபோல் வளைந்த இரண்டு தண்டவாளத் துண்டுகள் நிற்கும். முனை, இறக்கை, இடுக்கு எல்லாம் சேர்ந்த தொகுதிக்குப் பெயர் ஃபிராக். பேச்சுவழக்கில் முனையை மட்டும் சொல்வதும் உண்டு.

பெயர் குளத்திலிருந்து வரவில்லை, குதிரை லாயத்திலிருந்து வந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். குதிரையின் குளம்பைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தால், நடுவில் ரப்பர்போல் மெத்தென்று, முன்னோக்கிக் கூர்ந்து பின்னோக்கி இரண்டாகப் பிரிந்த ஒரு பகுதி தெரியும். ஆங்கிலத்தில் அதற்கு ஃபிராக் என்று பெயர். தண்டவாள முனையை மேலிருந்து பார்த்தால் அச்சாக அதே வடிவம். ரயில்வேயின் தொடக்க நாட்களில் தடம் போட்ட ஆட்களுக்கு லாடம் கட்டும் வேலை அன்றாடம் கண்ணில் பட்டது. பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

குளம்பின் அந்தப் பகுதிக்கு ஏன் ஃபிராக் என்று பெயர் என்று இன்னும் ஒரு படி கீழே இறங்கினால்தான் சுவை. பண்டைக் கிரேக்கத்தில் குதிரையேற்றம் பற்றி எழுதிய ஸெனஃபோன் அதைக் ‘கெலிடோன்’ என்கிறார். அப்படியென்றால் தகைவிலான் குருவி. அதன் வால் இரண்டாகப் பிளந்திருப்பதுதான் காரணம். பிற்காலக் கிரேக்கத்தில் ‘பாட்ரகோஸ்’ என்ற சொல்லும் அதே உறுப்புக்கு வழங்கியது, அது தவளையேதான். ஆக, தவளைக்கு இந்தக் கதையில் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் அதைச் ‘சிறு முள்கரண்டி’ என்று பொருள்படும் ‘ஃபூர்ஷெத்’ என்ற சொல்லால் அழைக்கிறார்கள். ஆங்கிலேயர் வாயில் அந்த ‘ஃபூர்ஷெத்’ திரிந்துதான் ‘ஃபிராக்’ ஆனது என்று கருதுகிறவர்களும் உண்டு. குருவி வால், முள்கரண்டி இரண்டிலும் கண்ணுக்குப் படுவது ஒன்றுதான்: ஒரு தண்டு இரண்டாகப் பிரிவது. ஜெர்மானியர் மட்டும் வேறு வழியில் போய், ரயில் உறுப்பை ‘ஹெர்ட்ஸ்ஷ்டுக்’, அதாவது இதயத்துண்டு என்கிறார்கள். பிரெஞ்சு ரயில்வேயிலும் அது ‘கேர்’, இதயம்தான்.

காலப் பின்னணியோடு பாதை அமைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபிராக் என்பது அமெரிக்க ரயில்வேச் சொல். 1930களில் பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக் கிளைப்பாதையில் தண்டவாளம் பராமரித்த ஓர் ஆள் அதைச் சொல்லியிருக்க மாட்டார்; அவருக்கு அது ‘காமன் கிராசிங்’, முனை ‘நோஸ்’, இறக்கை வளையும் இடம் ‘நக்கிள்’. பிரிட்டிஷார் போட்ட வழியில் வந்த இந்திய ரயில்வேயிலும் இன்றுவரை ‘கிராசிங்’தான். ஆனால் பிரிட்டனிலேயே மாதிரி ரயில்காரர்கள் ‘லைவ் ஃபிராக்’ (மின்சாரம் பாய்வது), ‘டெட் ஃபிராக்’ (பாயாதது) என்று சொல்லிப் பழகிவிட்டார்கள்.

பெயரைப் போலவே பொருளும் காலத்துக்குக் காலம் மாறியது. ராபர்ட் ஹாட்ஃபீல்டு ஷெஃபீல்டில் மாங்கனீசு உருக்கைக் கண்டறிந்தது 1882இல்தான். ஒரே வார்ப்பாக வரும் மாங்கனீசு முனை அதற்கும் பிந்தியது. 1870களைக் காட்டும் பாதையில் அதை வைத்தால் கண் உறுத்தும். அந்தக் காலத்துக்கு, இழைத்துச் சீவிய இரண்டு தண்டவாளங்களைப் பிணைத்துச் செய்த முனைதான் பொருத்தம். ஸ்லீப்பர் கட்டையிலும் இதே கவனம் தேவை. பிரிட்டனில் பழைய கட்டைகளின் நீளம் 9 அடி, பிற்பாடு 8 அடி 6 அங்குலம். அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில் 36, 34 மி.மீ. பாயிண்டுக்கு அடியில் வரும் கட்டைகள் 12 அங்குல அகலம், மாதிரியில் 4 மி.மீ.

முனையின் கூர்மையை எண்ணால் சொல்வார்கள். ‘ஆறாம் எண்’ என்றால், முனையிலிருந்து 6 அலகு போனால் இரு தண்டவாளங்களும் 1 அலகு விலகியிருக்கும். நடுக்கோட்டை வைத்து அளந்தால் அது சுமார் 9.5 பாகை. இந்திய அகலப்பாதையில் நிலைய யார்டுகளில் 1க்கு 8.5, பயணிகள் ரயில் வேகமாகப் பிரியும் இடங்களில் 1க்கு 12 வழக்கம். இங்கே செங்கோண முறையில் அளப்பதால் 1க்கு 12 என்பது 4 பாகை 45 நிமிடம் 49 விநாடி. வீட்டு மேசையில் அவ்வளவு நீளத்துக்கு இடம் கிடைக்காது. ஓஓ அளவில் (அடிக்கு 4 மி.மீ. என்ற மாதிரி அளவு) சரக்குத் தடத்துக்கு ஆறு, முதன்மைத் தடத்துக்கு எட்டு என்று வைத்துக்கொண்டால் பார்வைக்கும் ஓட்டத்துக்கும் சமாதானம்.

இனி, கையால் ஒன்று செய்வது. டெம்ப்ளாட் போன்ற, பாதை வரையும் கணினி நிரலில் அச்சிட்ட தாளை ஒட்டுப்பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள். செம்புப்பூச்சுப் பலகையில் வெட்டிய 4 மி.மீ. அகலக் கட்டைகளை அதன்மேல் அடுக்கவும். ஒவ்வொரு கட்டையிலும் தண்டவாளங்களுக்கு நடுவே செம்பை ரம்பத்தால் கீறி அறுத்துவிட வேண்டும். ஒரு கட்டை விட்டுப்போனாலும் பிறகு முழுப் பாயிண்டும் ஷார்ட் ஆகும். அந்த ஒன்றைத் தேடி அரைநாள் போகும்.

முனைதான் முதல் வேலை. ‘கோட் 75’ (0.075 அங்குல உயரம்) நிக்கல் சில்வர் தண்டவாளத் துண்டுகள் இரண்டை அரத்தால் சரிவாகத் தேய்க்கவும். ஒன்று முனைவரை நீளும், மற்றது அதன் விலாவில் சாய்ந்து ஒட்டும். கோணத்துக்குக் கருவி வேண்டாம்: மரத்துண்டில் 60 மி.மீ. தொலைவில் 10 மி.மீ. விலகும் இரண்டு கோடுகள் போட்டால் 1க்கு 6 ஆயிற்று. கோட்டின்மேல் வைத்து ஆணியால் அணைத்துச் சால்டர் வையுங்கள். இங்கே 188 பாகை சால்டரும், பிறகு முனையைக் கட்டையில் பற்றவைக்கும்போது 145 பாகை சால்டரும் போட்டால்தான் இரண்டாவது சூட்டில் முதல் இணைப்பு கழன்று வராது. அமிலப் பசை பூசினால் அன்றே தண்ணீரில் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் பச்சை பூத்துவிடும். முனையை ஊசியாக விடாதீர்கள். அசல் பாதையிலேயே அது முக்கால் அங்குலம் மொண்ணையாக இருக்கும், மாதிரியில் கால் மி.மீ. நுனியின் தலையை ஒரு இழு இழுத்துத் தாழ்த்தினால் சக்கரம் ஏறும்போது இடிக்காது.

அடுத்து இறக்கைகள். முனைக்கும் இறக்கைக்கும் நடுவில் ஓஓ அளவில் 1.25 மி.மீ. இடுக்கு. அதே தடிமன் தகட்டை இடையில் செருகி வைத்துப் பற்றவைக்கலாம். பிறகு எதிர்ப்புறத் தண்டவாளத்தின் உள்பக்கம், முனைக்கு நேராகக் காவல் தண்டவாளம், அதற்கும் 1.25.

இந்த எண்களை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால், தடம்புரளும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கிடைத்துவிடும். தட அகலம் 16.5. காவல் தண்டவாளம் ஒரு சக்கரத்தின் முதுகை (உள்பக்கத்தை) 1.25இல் தடுத்து நிறுத்துகிறது. இரு சக்கரங்களின் முதுகிடைத் தூரம் 14.4, உள்விளிம்பின் தடிமன் 0.76. மூன்றையும் கூட்டினால் 16.41, முனை நிற்பது 16.5இல். உரசாமல் போகிறது, ஆனால் மிச்சம் ஒரு மயிரிழைதான். முதுகிடை 14.8க்கு விரிந்த ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவாருங்கள்: கூட்டுத்தொகை 16.81, விளிம்பு நேராக முனையில் முட்டி மேலேறும். மாறாக 14.0க்குக் கீழே சுருங்கியிருந்தால் இறக்கைக்கும் காவல் தண்டவாளத்துக்கும் நடுவே சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். ஆகவே ஒரே பெட்டி மட்டும் தடம் புரண்டால் பாயிண்டில் அரம் வைக்காதீர்கள்; சக்கரத்தை அளந்து பாருங்கள். எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் குதித்தால் அப்போது முனையைப் பார்க்கலாம்.

இன்னொரு தொல்லை சக்கரம் ‘தொபுக்’ என்று இடுக்கில் விழுவது. சக்கர அகலம் இடுக்கின் இரு மடங்காவது இருந்தால் ஒரு பக்க ஆதாரம் விடும் முன் மறுபக்கம் தாங்கிக்கொள்ளும். 2.8 மி.மீ. அகலமான வழக்கச் சக்கரத்துக்கு 1.25 இடுக்கு போதும். அழகுக்காக 2.3 மி.மீ. மெல்லிய சக்கரம் மாட்டினால் விழும், அதற்கு 1.0 மி.மீ. இடுக்குள்ள பாதை வேண்டும். மெல்லிய சக்கரம் விரும்புகிறவர்கள் 18.2 மி.மீ. ஈஎம் பாதைக்கு நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்சாரத்துக்கு வருவோம். இரு தண்டவாளமும் எதிரெதிர் மின்முனை. அவை இரண்டும் சந்திக்கும் ஒரே இடம் இந்த முனை. அதைப் பிளாஸ்டிக்கில் செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது, இன்சுல்ஃபிராக் அதுதான். ஆனால் 6 அடிச் சக்கரத்தொலைவு கொண்ட குட்டி எஞ்சின் மாதிரியில் 24 மி.மீ. மட்டுமே, மெதுவாக ஊரும்போது அது பிளாஸ்டிக்கின்மேல் நின்றுவிடும். தள்ளிவிட விரல் தேவைப்படும். தண்டவாளங்கள் முனையருகே நெருங்கும் இடத்தில் அகலச் சக்கரம் இரண்டையும் ஒருசேரத் தொட்டுப் பொறி பறப்பதும் உண்டு. அந்த இடத்தில் நகப்பூச்சு ஒரு தீற்றல் தடவினால் சரியாகும். தேய்ந்ததும் மறுபடி தடவ வேண்டும்.

எலெக்ட்ரோஃபிராக்போல் முனை உலோகமாக இருந்தால், பாயிண்ட் திரும்பும்போது அதன் மின்முனையும் மாற வேண்டும். விதி எளிது: எந்த ஓரத் தண்டவாளத்தோடு நாக்கு (பாயிண்டைத் திருப்பும்போது அசையும் கூர்ந்த தண்டவாளம்) ஒட்டி நிற்கிறதோ அதே மின்சாரம் முனைக்கு வர வேண்டும். ஒரு மாற்று ஸ்விட்சின் நடுக்காலிலிருந்து முனைக்குக் கம்பி, மற்ற இரு கால்களிலிருந்து இரு ஓரத் தண்டவாளங்களுக்கும். பாயிண்டைத் திருப்பும் டார்ட்டாய்ஸ் மோட்டாரில் இத்தகைய ஸ்விட்ச் இரண்டு உள்ளேயே இருக்கின்றன. கம்பி இரண்டும் இடம் மாறியிருந்தால், எஞ்சின் முனையைத் தொட்ட கணத்தில் கண்ட்ரோலர் அணைந்துவிடும். மாற்றிப் போட்டால் ஓடும். முனைக்கு அப்பால் போகும் இரு தண்டவாளங்களிலும் காப்பு இணைப்பு கட்டாயம். கையால் செய்த பாயிண்டில் இறக்கைக்கு முன்னாலும் அறுத்து, நாக்குகளை அவற்றின் ஓரத் தண்டவாளத்தோடு கம்பியால் பிணைத்துவிடுங்கள். இல்லையென்றால் திறந்து நிற்கும் நாக்கைச் சக்கர முதுகு உரசும்போதெல்லாம் ஷார்ட். அறுத்த இடைவெளியில் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகடு ஒன்றை ஒட்டிச் சீவிவிடுவது நல்லது. வெயில் காலத்தில் தண்டவாளம் நீண்டு இடைவெளி மூடிக்கொண்டால், நேற்றுவரை ஓடிய பாதை இன்று ஏன் நின்றது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘தவளை’ சிரிப்புக்கு ஆகும், விளக்கத்துக்கு ஆகாது. ‘குறுக்குத் தண்டவாளம்’ என்றால் ஸ்லீப்பரா என்று கேட்பார்கள். ‘கடவு’ ஏற்கெனவே லெவல் கிராசிங்குக்குப் போய்விட்டது. ‘இதயம்’ ஜெர்மானியருக்கே இருக்கட்டும்.

நம்மிடம் ‘கவை’ இருக்கிறது. கவட்டை, கவைக்கோல் எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஒன்று இரண்டாகப் பிரியும் இடம் என்பதே பொருள். குருவி வாலும் முள்கரண்டியும் எதைச் சொல்ல வந்தனவோ, அதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறது. ஆகவே முழுத் தொகுதிக்குக் கவை, கூர் நுனிக்குக் கவைமுனை. ‘லைவ் ஃபிராக்’ மின்கவை, ‘டெட் ஃபிராக்’ மின்னிலாக் கவை, ‘ஃபிராக் நம்பர்’ கவை எண். இரு தடங்கள் சாய்சதுரமாக வெட்டிக்கொள்ளும் இடத்திலும் சொல் கைகொடுக்கும். அங்கே இரு கோடியிலும் இருப்பவை கவைகள். நடுவில் எதிரெதிரே விரிகோணத்தில் நிற்கும் இரண்டும் கவை இல்லை. அவற்றை ‘விரிமுனை’ எனலாம். ஃபிராக் என்ற ஒரே சொல்லை நான்குக்கும் போட்டு, எந்த ஃபிராக்குக்கு எந்தக் கம்பி என்று குழம்பும் வேலை இல்லை. இறக்கை, நாக்கு இரண்டும் ஆங்கிலத்தில் உள்ள உருவகமேதான், தமிழிலும் உறுத்தவில்லை. பாயிண்டைப் பாயிண்ட் என்றே விடலாம். அது தமிழாகிப் பல தலைமுறை ஆயிற்று.

மேசைக்கு அடியில் சீட்டு ஒட்டும்போது ‘க3’ என்று எழுதுங்கள்: மூன்றாம் பாயிண்டின் கவை. அதற்கென்று ஒரே நிறக் கம்பி, பச்சை என்று வைத்துக்கொண்டால், ஓரத் தண்டவாளங்களின் சிவப்பும் கறுப்பும் அதோடு கலக்காது. ஷார்ட் வந்தால் பச்சைக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் கண்ட்ரோலர் விளக்கு மீள்கிறதோ, கோளாறு அந்தக் கவையில்.