அரசு மருத்துவமனை மீது புகார்: மனு எந்த மேசையில் நின்றுபோகிறது?

ஒரு திங்கட்கிழமை காலை, மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்க வந்திருந்த மூதாட்டி ஒருவர், மஞ்சள் பையிலிருந்து நான்கு மனு நகல்களை எடுத்து என்னிடம் நீட்டினார். பக்கவாதம் வந்த கணவரை ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார். ஒன்றரை நாளில் அங்கிருந்து வெளியே அனுப்பப்பட்டு, வேறிடம் கொண்டு சேர்ப்பதற்குள் அவர் இறந்துபோனார். இது குறித்து மருத்துவமனையில் இருமுறையும் வேறு அலுவலகங்களில் இருமுறையும் மனுக் கொடுத்திருக்கிறார். நான்கு மனுவிலும் ‘உயர்திரு ஐயா அவர்களுக்கு’ என்று இருந்ததே தவிர, எந்த ஐயா என்று இல்லை. ஒன்றில்கூடப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை இல்லை. “எல்லா எடத்துலயும் வாங்கி வச்சுக்கிட்டாங்க தம்பி” என்றார். வாங்கி வைத்துக்கொண்டதற்கு அவரிடம் ஒரு சான்றும் கிடையாது என்பதுதான் சிக்கலே.

‘அரசு ஆஸ்பத்திரி’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வது, மக்கள் நல்வாழ்வுத் துறைக்குள்ளேயே மூன்று தனித்தனி இயக்ககங்களின் கீழ் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையைச் சேர்ந்தவை. வட்டார மருத்துவ அலுவலருக்கு மேல் மாவட்ட சுகாதார அலுவலர் அவற்றைக் கண்காணிக்கிறார். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஊர்களில் உள்ள அரசு மருத்துவமனைகள், பொதுமக்கள் ‘ஜே.டி.’ என்று சொல்லும் இணை இயக்குநர் நலப்பணிகளின் பொறுப்பில் இருக்கின்றன. கோரிப்பாளையம் அருகே உள்ள அரசு இராஜாஜி மருத்துவமனை, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது என்பதால் அதன் முதல்வரான டீனுக்கும், அவருக்கு மேல் சென்னையிலுள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்துக்கும் கட்டுப்பட்டது. மாநகராட்சியின் நகர்ப்புற நிலையங்களுக்கு மாநகர நல அலுவலர் பொறுப்பு. இ.எஸ்.ஐ. மருத்துவமனையோ தொழிலாளர் துறையைச் சேர்ந்தது.

இந்தப் பிரிவினையை நோயாளி தெரிந்துவைத்திருக்க வேண்டிய தேவை எதுவும் இருக்கக் கூடாது. ஆனால், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பற்றி ஜே.டி. அலுவலகத்தில் மனுக் கொடுத்தால், ‘இது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை’ என்று சொல்லி அதைக் கையில் திருப்பித் தருவதில்லை, வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சில வாரம் கழித்து அது வேறோர் அலுவலகத்துக்கு ‘உரிய நடவடிக்கைக்காக’ அனுப்பப்படும், அல்லது அனுப்பப்படாது. எனவே சேர்த்த இடம் எந்த இயக்ககத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, மனுவின் ‘பெறுநர்’ பகுதியில் பதவியையும் அலுவலகத்தையும் முழுமையாக எழுத வேண்டும். புறநோயாளியானால் ஓ.பி. சீட்டு எண், உள்நோயாளியானால் ஐ.பி. எண், வார்டு எண், தேதி, நேரம் ஆகியவை முதல் பத்தியிலேயே வர வேண்டும். ‘அன்று பணியில் இருந்த நர்ஸ் ஏசினார்’ என்று மட்டும் எழுதினால், அன்று மூன்று ஷிப்டிலும் யார் யார் இருந்தார்கள் என்று தேடி எடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

நோயாளி இன்னும் வார்டில் இருக்கும்போதே சிக்கல் என்றால் மனுவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலரையும், சிறிய மருத்துவமனையில் தலைமை மருத்துவ அலுவலரையும் உடனே நேரில் பார்க்க வேண்டும். அத்தோடு 104 என்ற எண்ணில் புகாரைச் சொல்லிப் பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிவு எண் தராமல் ‘பார்க்கிறோம்’ என்று முடிக்கும் உரையாடல், புகார் செய்ததாகவே கணக்கில் வராது.

அடுத்தது கையெழுத்து. நான் பார்த்தவரையில் அதிகம் பேர் ஏமாந்துபோவது இங்குதான். நோயாளியை வேறிடத்துக்குக் கொண்டு செல்லும் பேச்சு வந்தவுடன் கேஸ் ஷீட்டில் ஓரிடத்தைக் காட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். மருத்துவரின் ஆலோசனைக்கு எதிராக, சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும் வாசகம். ‘இங்கே ஸ்கேன் வேலை செய்யவில்லை, வெளியே பாருங்கள்’ என்று சொன்னதன் பேரில்தான் புறப்பட்டீர்கள் என்றாலும், அந்தக் கையெழுத்துக்குப் பிறகு ஏட்டின்படி நீங்களாகப் போனவர்கள். விசாரணை எதுவானாலும் முதலில் எடுத்துக் காட்டப்படுவது அந்தப் பக்கம்தான். மருத்துவமனையே அனுப்புகிறது என்றால் பரிந்துரைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு செல்ல 108 வாகனம் கட்டணமின்றி வரும். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால், என்ன சொல்லப்பட்டதால் அழைத்துச் செல்கிறோம் என்பதை உங்கள் கையாலேயே தமிழில் எழுதி, மணியையும் குறித்து, அதற்குக் கீழே போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள், உடன் வந்த ஒருவர் வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வைக்கக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவதும் தவறு. அப்போது ஏட்டில் ‘தலைமறைவு’ என்று எழுதிவிடுவார்கள், அதை மாற்றவே முடியாது.

ஸ்ட்ரெச்சர் தள்ளவும், பிறந்த குழந்தையைக் காட்டவும் பணம் கேட்பது பற்றி எல்லோருக்கும் தெரியும். புகார் செய்தால் ‘அவர் எங்கள் ஊழியர் அல்ல, ஒப்பந்த நிறுவனத்தின் ஆள்’ என்று மருத்துவமனை நிர்வாகம் கைகழுவப் பார்க்கும். எவர் வழியாக வேலைக்கு வந்திருந்தாலும் மருத்துவமனைக்குள் நடப்பதற்கு நிர்வாகம்தான் பொறுப்பு என்பதை மனுவில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். இதில் பலர் அறியாத ஓர் ஆபத்தும் உண்டு. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளியே. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல் துறையிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ தெரிவித்தால் மட்டுமே அதிலிருந்து தப்பலாம். ‘குழந்தை வீடு வந்து சேரட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று இருந்துவிட்டால் அந்த 7 நாள் போய்விடும்.

மனுக் கொடுக்கும்போது இரண்டு நகல்களோடு போங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் மற்றதைக் கொடுக்காதீர்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். ஒப்புகையுடன் கூடிய தபாலில் அதே மனுவை அனுப்பிவிடலாம். ஓ.பி. சீட்டு, ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வரக் கூடாது, அங்கிருப்பவர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் சரி.

திங்கட்கிழமை ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவுக்கு எண் கிடைக்கும், கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வரும். அந்த அளவில் அது நல்லதுதான். ஆனால் ஆட்சியர் அந்த மனுவைத் துறைக்கு அனுப்புவார், துறை அதைக் கீழே அனுப்பும், இறுதியில் எந்த மருத்துவமனை மீது புகார் சொன்னீர்களோ அதே மருத்துவமனையின் மேசைக்கு அது வந்து சேரும். அங்கிருந்து ஒருநாள் ‘விசாரணைக்கு வாங்க’ என்று அழைப்பார்கள். போனால் உட்கார வைத்து நன்றாகப் பேசி, முன்பே எழுதி வைத்த ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் உங்கள் குறை தீர்ந்துவிட்டதாகவோ, விளக்கத்தில் திருப்தி அடைந்ததாகவோ இருக்கும். அதில் கையெழுத்திட்டால், ‘மனு முடிவு செய்யப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி மறுநாளே வந்துவிடும். அந்த வேகம் மட்டும் எப்படித்தான் வருகிறதோ! வாக்குமூலத்தை உங்கள் சொற்களில் எழுதிக் கொடுங்கள். நகல் தந்தால் மட்டுமே கையெழுத்து என்று சொல்லுங்கள்.

சிகிச்சை ஏடு கையில் இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது. உள்நோயாளியின் ஏட்டை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அதே மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். இறந்தவரின் ஏட்டைக் கேட்பவர், தாம் மனைவி அல்லது மகன் என்பதற்கான ஆவண நகலை இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘மூன்றாம் நபர்’ என்று மறுத்துவிடுவார்கள். ‘ஏன் சிகிச்சை தரவில்லை?’ என்று கேள்வியாக எழுதாதீர்கள். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ‘இன்ன ஐ.பி. எண்ணுக்குரிய கேஸ் ஷீட்டின் அனைத்துப் பக்கங்களின் நகல், அன்றைய பணியாளர் வருகைப் பதிவேட்டின் நகல்’ என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் இன்னொரு மனு எழுதி உட்கார்ந்திராமல், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று முன்பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். எல்லா நோயாளிகளுக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே கூறிவிட்டது. அவசர சிகிச்சை மறுக்கப்பட்டது என்பது வேறு விஷயம். அது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று அதே நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்கு மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். கட்டணமும் வழக்கறிஞரும் வேண்டியதில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டிய நிலை வந்தால், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பார்க்காமலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். ஆனால் மனித உரிமை ஆணையம், சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் புகாரை ஏற்காது. முத்திரையில்லாத மனுக்களோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த மாதங்களும் அந்த ஓராண்டுக்குள்தான் கழிகின்றன.

அந்த மூதாட்டி என்னிடம் வந்தபோது பதினொரு மாதம் முடிந்து சில நாள்கள் ஆகியிருந்தன. ஏடு கையில் வரும்வரை காத்திருக்காமல் அன்று மாலையே ஆணையத்துக்குத் தபால் அனுப்பினோம்; தகவல் கேட்கும் மனு தனியாகப் போனது. ஐந்து வாரம் கழித்து நகல்கள் வந்தன. அவர் கைநாட்டு இருந்த பக்கத்தில், அதற்கு மேலே, உறவினர்கள் நாட்டு வைத்தியத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புவதாக ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதப்பட்டிருந்தது. அதைத் தமிழில் சொன்னேன். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “படுக்க எடமில்லைன்னுதான தம்பி அனுப்புனாங்க” என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, அந்தப் பக்கத்தின் நகலோடு ஆணையத்துக்குக் கூடுதல் மனுவாக அனுப்பியிருக்கிறோம்.